நிக்கிற சைக்கிளில வேர்க்கிற தம்பிக்கு

எடேய் தம்பி, போன கிழமை இரவு உங்கட கராஜ் கதவு அரைவாசி திறந்து கிடந்தது. மார்கழிக் குளிர். மூச்சு விட்டால் சுருட்டுப் புகை மாதிரி வருது. குப்பை வாளியை வெளியில வைக்க வந்தனான், வெளிச்சத்தைக் கண்டு எட்டிப் பாத்தன். நீ உள்ளுக்கை சைக்கிளில இருந்து உழக்கு உழக்கெண்டு உழக்கிறாய். நாடியால வேர்வை சொட்டுது. முன்னுக்கு ஒரு ஃபான் சுத்துது. மார்கழியில ஃபான்! குனிஞ்சு பாத்தால் பின் சில்லைக் காணேல்லை. ஆரோ கள்ளன் கழட்டிக்கொண்டு போயிட்டான், அது தெரியாமல் இந்தப் பிள்ளை ஓடுது எண்டு எனக்குப் பெரிய பாவமாப் போச்சு.

பிறகெல்லோ விளங்கிச்சு, சில்லைக் கழட்டினது நீதான் எண்டு. சுவரோட சாத்தி வைச்சிருக்கிறாய். சில்லு இருந்த இடத்தில ஒரு இரும்புப் பெட்டி. விலை கேட்டன். நீ சொன்ன காசுக்கு அந்தக் காலம் ஒரு சோடி வண்டில் மாடு வாங்கியிருப்பன். மாடெண்டால் நகருமடா.

"எங்கை தம்பி ஓடுறாய்?" எண்டு கேட்டன். "வட்டோப்பியா, தாத்தா" எண்டாய். அது எந்தப் பக்கம்? சொலமன் தீவுப் பக்கமாம். ஆரும் போய் வந்தவை இருக்கினமோ? ஒருத்தரும் போகேலாதாம், கொம்பியூட்டர்க்காரன் கீறின தீவாம். போகாத ஊருக்கு வழி சொல்லுறது எண்டு எங்கட ஆக்கள் பகிடிக்குத்தான் சொல்லி வைச்சவை. நீ மாதாமாதம் காசு கட்டி அந்த வழியாலயே போறாய்.

சிரிக்கிறன் எண்டு கோவியாதை. நிக்கிற சைக்கிள் எனக்கொண்டும் புதுசில்லை. போர்க் காலம், 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. றேடியோ கேக்கிறது எப்பிடி? சைக்கிளை ஸ்ராண்டில ஏத்தி நிப்பாட்டுவம். டைனமோவைப் பின் ரயரில அமத்தி, அதில இருந்து ரெண்டு வயரை இழுத்து றேடியோவுக்குக் குடுப்பம். ஒரு பொடியன் ஏறி உழக்க வேணும். பிபிசி தமிழோசை முடியும் மட்டும் நிப்பாட்டேலாது. அவன் களைச்சால் செய்தி வாசிக்கிறவரும் களைச்சுப் போவார். சரியாப் பேச்சுவார்த்தை எண்டு தொடங்கேக்கை குரல் இழுபட்டுச் செத்துப்போகும். "உழக்கடா!" எண்டு திண்ணை முழுக்கக் கத்தும். அந்தப் பொடியன்ர நாடித்துடிப்பை ஆரும் எண்ணேல்லை. எத்தினை வாட்ஸ் எண்டு ஆரும் கேக்கேல்லை. செய்தி கேட்டுதோ, கேக்கேல்லையோ? அதுதான் கணக்கு.

நீயும் ஒரு மணித்தியாலம் உழக்கினாய். முடிவில என்ன வந்தது? ஒரு நம்பர். அதுக்குப் பேர் எஃப்ரிபி. ஒரு மணித்தியாலம் தாக்குப் பிடிக்கக்கூடிய பலமாம். அதை உடம்பு நிறையால பிரிச்சு, போன கிழமையை விடக் கொஞ்சம் கூடியிருக்கு எண்டு சிரிக்கிறாய். கூடினது காலோ, இல்லை மிஷினோ? எனக்கென்ன தெரியும். நான் படியாதவன்.

ஆனால் ஒண்டு தெரியும். பதினாறு வயசில நான் துலா மிதிச்சனான். விடியப்பறம் நாலு மணிக்கு வெங்காயத்துக்கு இறைக்க வேணும். ஒருத்தர் கிணத்தடியில பட்டையைப் பிடிப்பார். ரெண்டு பேர் மேல துலாவில முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பம். கீழ கிணறு, மேல வெள்ளி. பாட்டுப் பாடிக்கொண்டுதான் நடக்கிறது. பாட்டு நிண்டால் பெரியையா கீழ இருந்து சத்தம் போடுவார்: "மெதுவடா! உந்த நடை நடந்தால் பாதித் தறை நனையமுன்னம் விழுந்து போவாய்." மூச்சு வாங்காமல் பாடேலுமெண்டால் வேகம் சரி. பாடேலாட்டி வேகம் கூடிப் போச்சு.

உன்ர கோச்சு மாதம் எவ்வளவு வாங்குறார்? நூற்றைம்பது பவுண்ஸோ? அவர் என்ன சொல்லுறார்? மாரியில அவசரப்படாதை, பக்கத்தில வாறவனோட கதைச்சுக்கொண்டு உழக்கக்கூடிய வேகத்தில நீட்டுக்கு ஓடு, அதுக்குப் பேர் சோன் ரூ எண்டு. பெரியையாவுக்கு ஒரு சுருட்டுக் குடுத்தால் உதைச் சொல்லியிருப்பார்.

கோச்சில பிழையில்லை. அவர் சொல்லுறது மெய். அந்த மெதுவான நீட்டு ஓட்டத்தில இதயம் ஒரு அடிக்குக் கூட ரத்தம் தள்ளப் பழகும். தசைக்குள்ள மயிர் மாதிரி ரத்தக் குழாய் கூடும். உடம்பு சீனியை மட்டும் நம்பியிராமல் கொழுப்பையும் எரிக்கப் பழகும். இதெல்லாம் கிழமைக் கணக்கில இல்லை, மாதக் கணக்கில வாற வேலை. மாரியில உழுதவன் வெய்யிலுக்கை அறுப்பான். இதில விளங்காதது என்ன? கோச்சு வைச்சது பிழையில்லை, பெரியையாவை மறந்ததுதான் பிழை.

மாரிக்கெண்டு நீ வாங்கின சாமான் இருக்கே, அது ஒரு தனிக் கதை. சப்பாத்துக்கு ஒரு சப்பாத்து. கையுறைக்குள்ள ஒரு கையுறை. காதுக்கு ஒண்டு, கழுத்துக்கு ஒண்டு. கறுப்பு உடுப்பெல்லாத்தையும் போட்டுக்கொண்டு வெளிக்கிட முக்கால் மணித்தியாலம். வெளிக்கிட்ட பிறகு ஒண்டுக்கு வரும். திரும்பவும் கழட்டு.

சரி, குளிர் தேசம், போடத்தான் வேணும். ஆனால் ஆறாயிரம் பவுண்ஸ் கார்பன் சைக்கிளுக்கு மட்காட் எங்கை? பூட்ட இடமில்லையாம், பூட்டினால் நிறை கூடுமாம். போன ஞாயிறு றிச்மண்ட் பார்க்கில ஒரு சுத்து, கிட்டத்தட்டப் 11 கிலோமீற்றர், ஓடி வந்தனீ. முதுகில பிடரி மட்டும் நீட்டுக்கு ஒரு சேத்துக் கோடு. மான் சாணியும் சேந்திருக்கும். விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம் கட்டின மாதிரி, பட்டுக்குச் சேத்துக்குஞ்சம். இந்த நாட்டுக் கிழட்டு வெள்ளையளைப் பார். மாரிக்கெண்டு ஒரு பழஞ்சைக்கிள் வைச்சிருப்பினம். மட்காட் பூட்டின பாரச் சைக்கிள். நல்லது உள்ளுக்கை நித்திரை கொள்ளும். அவை மடையரோ?

நாங்கள் கரியரில ஒரு மூட்டை, பாரில ஒரு மூட்டை வெங்காயம் கட்டிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போனனாங்கள். நீ போத்தல் மூடியைச் சுரண்டி நிறை குறைக்கிறாய். வயித்தில ரெண்டு கிலோ குறைச்சால் காணுமே மோனை?

உது பகிடி. இனித்தான் விசயம்.

நேற்று நீ ஒரு கதை கேட்டாய். ஜிம்முக்கு வாற ஒருத்தன் ஏதோ சாமான் தாறன் எண்டானாம். மாசி மாதத்துக்கிடையில ஆளையே மாத்தி விடுறன் எண்டானாம். நீ நிலத்தைப் பாத்துக்கொண்டு கேட்டாய்: "எல்லாரும் போட்டுத்தானே ஓடுறாங்கள், தாத்தா?" நிலத்தைப் பாத்துக்கொண்டு கேக்கிற கேள்வியின்ர மறுமொழி கேக்கிறவனுக்கே தெரியும். எண்டாலும் சொல்லுறன், கேள்.

களவு புதுசில்லை. பிரான்ஸைச் சுத்திற ஓட்டம் 1903-ல தொடங்கினது. அடுத்த வருசமே, 1904-ல, முதல் நாலு இடத்துக்கு வந்தவையையும் கழிச்சுப் போட்டாங்கள். என்ன குற்றம்? காரில தொங்கினவை, ரயிலில ஏறினவை எண்டு கதை. சைக்கிள் போட்டியில ரயில்! கடைசியில அஞ்சாவதா வந்த பத்தொன்பது வயசுப் பொடியன், ஹென்றி கோர்னே, வெண்டவன் ஆனான். ரயில் ரிக்கெற் எடுத்தவங்களோ எண்டு எனக்கு இண்டைக்கும் யோசினை.

பிறகு ரயில் சின்னனாகிச் சின்னனாகிப் போத்தலுக்குள்ள போச்சுது. 1924-ல பெலிசியே எண்ட அண்ணன் தம்பி, ஓட்டத்தைப் பாதியில விட்டிட்டு வந்திருந்து, அல்பேர் லோண்ட்ர எண்ட பத்திரிகைக்காரருக்குப் பையைத் திறந்து காட்டிச்சினம். கண்ணுக்குக் கொக்கேய்ன், முரசுக்குக் குளோரோஃபோர்ம், அதுக்கு மேல குளிசையள். சைக்கிள் ஓடுறவன்ர பையோ, பரியாரியின்ர பையோ?

சிரிக்கலாம், சாவு வராத மட்டும். 1967 ஆடி 13, அதே பிரான்ஸ் ஓட்டம். மோண்ட் வொந்தூ எண்ட மொட்டை மலை. நெருப்பு வெய்யில். ரொம் சிம்சன், இந்த நாட்டுப் பிள்ளை, ரெண்டு வருசத்துக்கு முதல் உலகச் சாம்பியன், 29 வயசு. உச்சிக்குக் கிட்டப் போய் விழுந்தார், செத்தார். உடம்பில அம்பெற்றமினும் மதுவும் இருந்தது. சட்டைப் பையிலையும் குளிசை. களைப்பு எண்டது என்ன தம்பி? உடம்பு அடிக்கிற மணி. நிப்பாட்டு, தண்ணி குடி, நிழலுக்கு வா எண்டு அடிக்கிற மணி. அந்தக் குளிசை மணியின்ர நாக்கைக் கட்டிப் போட்டுது. மணி அடிக்கேல்லை எண்டதுக்காக வீடு எரியாமல் விடுமோ?

சரி, அதோட பயந்தாங்களோ? 1978-ல பெல்ஜியத்துப் பொலன்ரியே. மலையில முதலாவதா ஏறி, முன்னுக்கு நிக்கிறவருக்குக் குடுக்கிற மஞ்சள் சட்டையை வாங்கின அண்டைக்கே சோதினைக்குக் கூப்பிட்டினம். அக்குளுக்கை ஒரு ரப்பர்க் குமிழ். அதுக்குள்ள வேறொருத்தன்ர சலம். அதில இருந்து ஒரு குழாய். அமத்தினால் வரும். எங்கட தோட்டத்து மருந்தடிக்கிற மிஷின் மாதிரித்தான். பிடிச்சு வீட்டுக்கு அனுப்பினாங்கள்.

பிறகு வந்தது ஈபிஓ, ரத்தத்தில செங்குழியத்தைக் கூட்டிற ஊசி. 1998-ல ஃபெஸ்ரினா அணியின்ர காரை எல்லையில மறிச்சால், உள்ளுக்கை ஒரு மருந்துக்கடை. அதுக்கு முதல் வருசம்தான் ஒரு சட்டம் வந்தது: ரத்தத்தில செங்குழியப் பங்கு 50 வீதத்துக்கு மேல போனால் ஓடேலாது எண்டு. வேலி போட்டால் மாடு என்ன செய்யும்? சரியா வேலி மட்டும் மேயும். ஆம்ஸ்ரோங் எண்ட ஓட்டக்காரர் அந்தப் பிரான்ஸ் ஓட்டத்தை 1999 தொடக்கம் 2005 மட்டும் ஏழு தரம் வெண்டார். 1999-ல மருந்தைக் காவிக்கொண்டு பின்னால மோட்டச்சைக்கிளில வந்தது ஆர் தெரியுமோ? அவற்ற வீட்டுத் தோட்டக்காரர். 2012-ல ஏழையும் பறிச்சாங்கள், 2013 தையில மனிசன் ரீவியில இருந்து ஒத்துக்கொண்டார். அந்த ஏழு வருசத்துக்கும் முதலாம் இடத்தை வேற ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. ரெண்டாவது, மூண்டாவது ஆக்களில கன பேரின்ர கதையும் அதுதான். நாற்காலி வெறுமையாக் கிடக்கு. பந்தி போட்டு, இலை போட்டு, இருக்க ஒரு சுத்தமான ஆள் கிடைக்கேல்லை.

ஸ்பெயினில 2006-ல ஒரு டொக்டரின்ர ஃபிரிட்ஜைத் திறந்தால் பை பையா ரத்தம். ஆற்ற ரத்தம் எண்டு தெரியக்கூடாது எண்டு புனைபேர். சில பையில ஓட்டக்காரரின்ர வீட்டு நாயின்ர பேர். நாய் நன்றியுள்ளது, காட்டிக் குடுக்காது எண்டு நினைச்சிருப்பினம். காட்டிக் குடுத்திட்டுது.

இதுக்கெல்லாம் பிறகுதான், 2008-ல, ரத்தத்துக்குப் பாஸ்போட் கொண்டந்தவை. உன்ர ரத்தத்தை வருசக் கணக்கா எழுதி வைச்சுப் பாப்பினம். திடீரெண்டு மாறினால் கேள்வி வரும். நாங்கள் வெளிநாடு வரப் படத்தில தலை மாத்தின பாஸ்போட் கண்டனாங்கள் தம்பி. ரத்தம் மாத்தினவனைப் பிடிக்கப் பாஸ்போட் வரும் எண்டு எங்கட ஏஜென்சிக்காரனே நினைச்சிருக்க மாட்டான்.

பிடிபட்டவன் சொல்லுற சாட்டுகளையும் கேள். ஒருத்தர் 2010-ல உடம்பில கண்ட மருந்து மாட்டிறைச்சியில இருந்து வந்தது எண்டார். நம்பேல்லை, பட்டம் போச்சு. இன்னொருத்தர் 2002-ல கொக்கேய்ன் பெருவில இருந்து மாமி கொண்டந்த ரொஃபியில இருந்து வந்தது எண்டார். விசாரிச்சு, குற்றமில்லை எண்டு விட்டவை. ஆகையால மாமிமாரை அவசரப்பட்டுச் சந்தேகிக்காதை. பெல்ஜியத்தில 2016-ல ஒரு பெட்டையின்ர சைக்கிள் சட்டத்துக்குள்ள மோட்டர் இருந்தது. சிநேகிதன்ர சைக்கிள், மாறி வந்திட்டுது எண்டா. ஆறு வருசத் தடை. மோட்டர் வேணுமெண்டால் மோட்டச்சைக்கிள் இருக்கே பிள்ளை?

நீ கேப்பாய்: உதெல்லாம் சம்பளத்துக்கு ஓடுறவை, கோடிக் கணக்கில காசு, செய்யினம். எனக்கேன் சொல்லுறீங்கள்?

அங்கைதான் என்ர சிரிப்பு. 2012-ல நியூயோர்க்கில ஒரு பெரிய பொழுதுபோக்கு ஓட்டம். கந்தோருக்குப் போறவை, கடை வைச்சிருக்கிறவை ஓடுற ஓட்டம். அதில ரெண்டு பேருக்கு ஈபிஓ பிடிபட்டுது. சைக்கிள் சங்கம் வைச்ச விசாரணைக் குழு 2015-ல எழுதிச்சுது, அமச்சூர் ஓட்டங்களிலையும் உந்த வருத்தம் பரவீட்டுது எண்டு. அவைக்கு என்ன பரிசு? ஒரு கப். அதுவும் தகரம். தகரக் கப்புக்கு ஊசி குத்தினவனைக் கள்ளன் எண்டுறதோ, விசரன் எண்டுறதோ?

சைக்கிள்காரர் மட்டுமில்லை. 2023 புரட்டாதியில டெல்லி மாநில மெய்வல்லுநர் போட்டி. சோதிக்கிற ஆக்கள் வந்திட்டினம் எண்ட கதை பரவிச்சுது. ஆம்பிளையளின்ர 100 மீற்றர் இறுதிக்கு ஓட வந்தது ஒரேயொருத்தன். மற்றவைக்கெல்லாம் அண்டைக்கெண்டு கால் பிடிச்சுப் போச்சு. ஒரு பிள்ளை முடிவுக் கோட்டைத் தாண்டியும் நிக்காமல் ஓடிச்சுது, சோதிக்கிறவர் பின்னால ஓடினார். அண்டைக்கு உண்மையான ஓட்டப் போட்டி அதுதான்.

இதுக்கெல்லாம் மேல ஒண்டு இருக்கு, உன்ர கராஜுக்கு நேரா வாற கதை. 2019-ல இந்த நாட்டில நிக்கிற சைக்கிளுக்கு முதல் முதல் தேசியப் போட்டி வைச்சவை. வெண்டவரின்ர பட்டத்தைப் பிறகு பறிச்சாங்கள். ஏன்? அந்தக் கொம்பியூட்டர் தீவில ஒரு வேகமான சைக்கிள் இருக்காம். 50,000 மீற்றர் மலை ஏறினால்தான் தருவாங்களாம். அந்த மலையை அவர் ஏறேல்லை. தனக்குப் பதிலா ஒரு கொம்பியூட்டர்ப் புரோகிராமை ஏற விட்டிட்டார். யோசிச்சுப் பார். இல்லாத மலை. அதில ஏறாத மனிசன். கிடைச்சது இல்லாத சைக்கிள். ஆனால் களவு மட்டும் மெய்! நிறையைக் குறைச்சு எழுதி ஏத்தத்தை லேசாக்கிறவையும் இருக்கினமாம். நீ எழுதின நிறை சரியோ? சும்மா கேட்டனான்.

இப்ப கொஞ்சம் கிட்ட வா. பகிடி விட்டுச் சொல்லுறன்.

ஈபிஓ எண்டது விஷமில்லை. உன்ர சிறுநீரகமே செய்யிற சாமான் அது. ரத்தத்தில ஒட்சிசன் குறைஞ்சால் சிறுநீரகம் ஈபிஓவைச் சுரக்கும், அது போய் எலும்பு மச்சையைத் தட்டி, செங்குழியம் செய்யடா எண்டு சொல்லும். சிறுநீரகம் செத்தவைக்கு அது சுரக்காது. ரத்தம் தண்ணியாப் போகும். எங்கட மனிசிக்கு அப்பிடித்தான். கிழமைக்கு மூண்டு நாள் டயாலிசிஸ். வீட்டுக்கு வந்தால் கீழ கதிரையில இருப்பா, மேல போய்ப் படுக்கேலாது. எங்கட வீட்டில பன்னிரண்டு படி. நாலாம் படியில நிண்டு சுவரைப் பிடிப்பா. பேந்து அந்த ஊசி தொடங்கிச்சினம். நேர்ஸ் ஃபிரிட்ஜில இருந்து எடுத்து, கையுக்கை வைச்சுச் சூடாக்கிப் போடுவா. ரெண்டு மாதம் போக ஒரு நாள் திரும்பிப் பாத்தால் ஆளைக் கதிரையில காணேல்லை. மேல நிண்டு கூப்பிடுறா, தேத்தண்ணி கொண்டு வாங்கோ எண்டு.

அந்த மருந்து ஏறவேண்டின மலை அதுதான் தம்பி. பன்னிரண்டு படி. அதைக் கொண்டுபோய் அல்ப்ஸ் மலையில ஏத்தினவை. சுகதேகிக்கு அது போனால் ரத்தம் தடிக்கும், கட்டிபட்டு மூளைக்கோ நெஞ்சுக்கோ போகும். வருத்தக்காரியின்ர கஞ்சியைப் பறிச்சுக் குடிச்ச மல்லன் எண்டு கேள்விப்பட்டால் ஊரில என்ன சொல்லுவினம்? அவன் வெண்டாலும் ஆர் மாலை போடுவினம்?

மற்றது, களவெடுக்கிறவன் மெடலை மட்டும் எடுக்கேல்லை. 2012 ஒலிம்பிக் சைக்கிளோட்டம் ஞாபகமோ? நீ அப்ப சின்னப் பிள்ளை. பொக்ஸ் ஹில்லை ஒன்பது தரம் சுத்தின ஓட்டம். நான் ரெண்டு மீன் பணிஸும் கட்டிக்கொண்டு கிங்ஸ்ரனில வீதியோரம் நிண்டனான். கிர் எண்டு ஒரு சத்தம், வர்ணமாய் ஒரு காத்து, அவ்வளவுதான். கை நோகத் தட்டினன். கசக்ஸ்தான்காரர் வினோகுரோவ் வெண்டார். வீட்டை வந்து புளுகோட சொன்னன். மருமோன் சிரிக்கிறான்: "மாமா, அந்தாள் 2007-ல வேறொருத்தற்ற ரத்தம் ஏத்திப் பிடிபட்டு ரெண்டு வருசம் தடையில இருந்த ஆள்." சரி, தண்டனை முடிச்சு வந்தவர், ஓட உரிமை இருக்கு. ஆனால் தட்டின கையை என்ன செய்யிறது? அதுக்குப் பிறகு ஆர் வெண்டாலும் என்ர கை ஒரு நொடி நிண்டுதான் தட்டுது. அந்த ஒரு நொடி நேர்மையா ஓடின பிள்ளையின்ர சொத்து. அதைத்தான் களவெடுத்தவை.

இவ்வளவும் கதைச்ச கிழவன் சுத்தமோ எண்டு நீ கேக்க வேணும். கேள்! முழங்கால் நோவுக்கு டொக்டர் எனக்கு ட்ரமடோல் எழுதித் தந்தவர். 2024 தை முதலாம் திகதி தொடக்கம் எந்த விளையாட்டிலையும் அதைப் போட்டுக்கொண்டு போட்டிக்கு இறங்கேலாது. ஆகையால எழுபத்தெட்டு வயசில நானும் தடைபட்ட ஆள். ரூட்டிங் சந்தைக்குப் போறது போட்டியில்லை எண்டபடியால் தப்பினன். கோப்பிக்கும் 2003 முடியும் மட்டும் கணக்கு இருந்தது, அளவுக்கு மேல குடிச்சால் குற்றம். பேந்து எடுத்து விட்டிட்டாங்கள். பீற்றூட் சாறு குடிச்சால் அதே வேலைக்குக் குறைய ஒட்சிசன் காணும் எண்டு எக்ஸிற்றர் பல்கலைக்கழகத்து ஆக்கள் 2009-ல கண்டு பிடிச்சவை. அது குற்றமில்லை. ரெனரிஃப் தீவில உயர மலையில போய்க் கிழமைக் கணக்கா இருந்தால் உன்ர சிறுநீரகமே கூட ஈபிஓ சமைக்கும். அதுவும் குற்றமில்லை, காசுதான் வேணும்.

அப்ப கோடு எங்கை? உன்ர ஆக்கள் புத்தகம் புத்தகமா எழுதி வைச்சிருக்கினம், ஒவ்வொரு தை மாதமும் புதுப் பட்டியல் வரும். போட்டிக்குப் பேர் குடுத்தால் அதை வாசி. குளிசை எதையும் டொக்டரிட்டக் கேட்டுப் போடு. ஜிம்மில விக்கிற டப்பாவில எழுதாத சாமானும் டப்பாவுக்குள்ள கிடக்கும், அதையும் நினைவில வை. ஆனால் எனக்கு ஒரு சின்ன அளவுகோல் காணும். பீற்றூட் கறியை நீ அம்மாவுக்கு முன்னால வைச்சுத் தின்னுவாய். அந்த ஜிம்காரன் தாற சாமானை எங்கை வைப்பாய்? ஃபிரிட்ஜில மீனுக்குப் பின்னால. மீனுக்குப் பின்னால ஒளிக்க வேண்டின சாமான் எதுவும் காலுக்கு நல்லதில்லை. இதுக்கு லபோரட்டரி வேணுமோ?

இன்னொரு கதை. நான் என்ர வாழ்க்கையில ஓடின ஆகப் பெரிய சைக்கிளோட்டம் 1995 ஒக்ரோபர் 30. போருக்குப் பயந்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில ஊரை விட்டு வெளிக்கிட்டுது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில சனத்துக்கு மேல சனம். சைக்கிளில மனிசி, மனிசியின்ர மடியில பிள்ளை, கரியரில அரிசி, ஹாண்டிலில சட்டி பானை. உழக்க இடமில்லை, தள்ளத்தான் ஏலும். விடிய மட்டும் நாலு மைல் போயிருப்பமோ தெரியாது. உன்ர மணிக்கூட்டில போட்டால் சராசரி வேகம் எண்டு சிரிக்கக்கூடிய ஒரு நம்பர் வரும். ஆனால் அண்டைக்கு ஆரும் ஆரையும் முந்தேல்லை தம்பி. முன்னுக்கு நிண்டவன் விழுந்தால் பின்னுக்கு நிண்டவன் தூக்கினான். சைக்கிள் எண்டால் எனக்கு இண்டைக்கும் அதுதான் ஞாபகம். ஆகையால ஆர் முதலாவது எண்டு நீங்கள் சண்டை பிடிக்கேக்கை எனக்குக் கொஞ்சம் கொட்டாவி வரும், குறை நினைக்காதை.

காணும், கனக்கக் கதைச்சிட்டன். ஞாயிறு விடிய எட்டு மணிக்கு வா. அப்பதான் இந்த நாட்டுச் சூரியன் எழும்பும். சுவரோட சாத்தி வைச்ச சில்லை எடுத்துப் பூட்டு. காத்து இருக்கோ எண்டு பெருவிரலால அமத்திப் பார். மட்காட் என்னட்ட ஒண்டு கிடக்கு, பூட்ட இடமில்லாட்டிக் கயித்தால கட்டுவம். றிச்மண்ட் பார்க்கில ஒரு சுத்து, கதைச்சுக்கொண்டு போவம். நான் பாட்டு நிப்பாட்டினால் நீ மெதுவாப் போக வேணும், அதுதான் சட்டம். பிறகு ரூட்டிங்குக்கு விடுவம். அங்கை பிளேன்ரீ, பனங்கட்டியோட.

திரும்பேக்கை ஒரு மூட்டை வெங்காயம் வாங்க வேணும். என்ர கரியர் போன மாதம் உடைஞ்சு போச்சு. உன்ர ஆறாயிரம் பவுண்ஸ் சைக்கிளில மூட்டை கட்ட எங்கையாவது இடமிருக்கோ எண்டு பாத்துக்கொண்டு வா. இல்லையெண்டால் முதுகில சுமந்துகொண்டு வா. அதுவும் மாரிப் பயிற்சிதான் மோனை, கோச்சிட்டக் கேட்டுப் பார்.